மூன்றாம் கியர் வரை கேட்ட சத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இந்தப் பொய்யைக் கதைக்காக நான் ஜோடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஓடும் காருக்குள், என் மனைவியின் அண்ணனிடம் வாய் கூசாமல் சொன்னது. இரண்டே சொல்: "இல்ல மச்சான்."

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் போனபோது எனக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஏனென்றால் அன்று காற்று பலமாக'

அங்கேயே நிறுத்திவிட்டேன். காற்று பலமாக இல்லை. எனக்கு நன்றாகவே கேட்டது. (அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாகத் தப்பிக்கப் பார்த்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்.

மச்சான் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய கார்களின் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பார். வண்டி வாசலில் திரும்பும்போதே, "ரெண்டாவது விழ மாட்டேங்குதா?" என்று கேட்டு ஓட்டி வந்தவரை மிரள வைப்பது அவர் வழக்கம். காதால் வைத்தியம் பார்ப்பவர் என்று பெயர்.

அடுத்தவர் காரின் சொந்தக்காரர், ஒரு பல் டாக்டரம்மா. தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்ட பச்சை நிற வண்டி அது. மடக்கும் கூரை, இரண்டே இருக்கை, கட்டைவிரல் உயரத்துக்குக் கியர் கம்பி.

மூன்றாவது நான். பட்டறையின் மூலையில் மேசை போட்டு எழுதுகிறேன். வீட்டைவிட இங்கே அமைதி. (இதை இதுவரை யாரும் நம்பியதில்லை.)

"ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த மூணு கியர்லயும் சன்னமா ஊளையிடுது. நாலாவது போட்டா வாயை மூடிக்குது," என்றார் டாக்டர்.

* இங்கே ஒரு அடிக்குறிப்பு. இந்த மாதிரிக் கியர் பெட்டிகளில் நான்காவது கியர் நேர்வழி. என்ஜினின் விசை குறுக்கே எங்கும் திரும்பாமல் பின்னால் போய்விடும். முதல் மூன்றும் பெட்டியின் அடியில் படுத்திருக்கும் இன்னொரு தண்டு வழியாக இறங்கி ஏறவேண்டும். அதற்கு லேஷாஃப்ட் என்று பெயர். ஆகவே மூன்றில் கத்தி நான்கில் அடங்கினால், கை நீட்டவேண்டியது அந்தத் தண்டை நோக்கித்தான். மச்சான் இதை எனக்குப் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பார்.

மச்சான் டாக்டரோடு ஒரு சுற்றுப் போய் வந்தார். "வண்டி சுத்தமா இருக்கு டாக்டர். ஒரு சத்தமும் இல்ல."

"எனக்குக் கேக்குதே?"

"பழைய வண்டின்னாலே மனசுக்குள்ள ஒரு சத்தம் கேக்கும்."

டாக்டரின் முகம் சுருங்கியது. மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க வந்து ஏறுங்க."

3

ஏறினேன். மச்சான் ஓட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. இருக்கைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய இழையாக ஒரு ஊளை கிளம்பி, வேகம் கூடக் கூட உச்சிக்கு ஏறியது. நான்காவது விழுந்ததும் கத்தரித்தாற்போல் நின்றது.

"ஏதாச்சும் கேக்குதா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரைப் பார்க்கும் முகம் இல்லை அது. சந்தேகமே இல்லாத முகம். சாட்சிக் கையெழுத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"இல்ல மச்சான்."

4

இருபது நாள் கழித்து அந்த வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். மேட்டில் ஏறும்போது உள்ளே ஏதோ நொறுங்கி, சக்கரம் இறுகி நின்றுவிட்டதாம். பின்னால் வந்த லாரிக்காரர் சரியான சமயத்தில் பிரேக் போட்டதால்தான் டாக்டர் முழுசாக இருக்கிறார். அன்று நான் 'கேக்குது' என்று மட்டும் சொல்லியிருந்தால்

(அது முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

மச்சான் அடியிலிருந்த திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார். ஜிகினா கலந்ததுபோல மின்னியது. என்ஜினையும் பெட்டியையும் ஒன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். இந்த வண்டியில் தனியாகப் பெட்டி மட்டும் வராது. மூடியைத் திறந்து லேஷாஃப்ட்டை உருவினார். அதன் நுனியில் நகத்தால் வருடினார். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அதைத் தாங்கவேண்டிய ஊசி உருளைகளில் பாதி தூளாகியிருந்தன.

"இது தெருவுக்கே கேட்டிருக்கணுமே மாப்ள."

என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மச்சான்."

இரண்டாவது வரைவில் அவர் ஸ்பேனரை வீசி எறிந்தார். காட்சி நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த ஆளை நான் நம்பவில்லை. நடந்தது இதுதான்: கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கெதிரே உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு சொல்ல முடியல."

"அந்தம்மா செத்திருந்தா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வெகுநேரம் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு அது?"

"எது?"

"சத்தம்தான். எனக்குச் சொல்லுங்க."

"கொசு மாதிரி..."

"கொசு சத்தம் கேட்டே வருஷமாச்சு. கடிச்சாத்தான் தெரியுது. வேற சொல்லுங்க."

"ஈரக் கண்ணாடில விரலைத் தேய்ச்சா..."

"ம்ஹும்."

இருபது வருஷமாக எழுதுகிறவன் நான். ஒரு மனிதருக்கு ஒரு சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

5

டாக்டர் எங்களைத் திட்டத்தான் வந்தார். திட்டவும் செய்தார். மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "டாக்டர், தப்பு வண்டில இல்ல, என் காதுல," என்றார். நானும் என் பங்கை ஒப்புக்கொண்டேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

அப்புறம் அவர் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "என் டிரில் ஓடினா கேக்குமா உங்களுக்கு? அதுவும் கிட்டத்தட்ட அதே கீச்சுதான்," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் அவருடைய கிளினிக்கில் இருந்தோம். மச்சான் சாய்வு நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி. டாக்டர் அவருக்குப் பின்னால் நின்றார். ஊளை அறை முழுக்கப் பரவியது. எனக்குப் பல் கூசியது.

"ம், ஆன் பண்ணுங்க டாக்டர்," என்றார் மச்சான்.

"பண்ணிட்டேன்."

டாக்டர் முன்னால் வந்து, ஓடிக்கொண்டிருந்த கருவியின் பிடியை மச்சானின் கட்டைவிரல் நகத்தில் வைத்தார்.

மச்சானின் புருவம் உயர்ந்தது. "அட, ஓடுது!"

"கேக்குதா?"

"கேக்கல. தெரியுது." கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் வேகத்தைக் குறைங்க. ம். இப்பக் கூட்டுங்க." புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவர்போல அரைமணி நேரம் டாக்டரை விடவில்லை.

6

புதுத் தண்டு, புது ஊசிகள். ஒவ்வோர் ஊசியையும் கிரீஸில் ஒட்டி வளையத்துக்குள் நிறுத்தி, எண்ணி, மறுபடி எண்ணி மாட்டினார். வெள்ளோட்டத்துக்கு டாக்டர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கியர் கம்பியின் குமிழில் உள்ளங்கையைப் பொத்தியிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"ஊளை போச்சு," என்றார் டாக்டர் இறங்கியதும். "ஆனா மூணுல காலை எடுத்தா ஒரு சின்ன டிக்."

"ஆமா, கையில தட்டுச்சு," என்றார் மச்சான். பெட்டியைத் தாங்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கினார். வண்டி போய்விட்டது. இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

7

காரின் கதை முடிந்துவிட்டது. மச்சானின் கதைக்கு முடிவு வேண்டும் என்று மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) காதுக் கருவி பொருத்திக்கொள்கிறார். முதல்முதலாகக் கொசுவைக் கேட்டு எரிச்சலாகி

(ஆ) கருவி வேண்டாம், கை போதும் என்று

(இ) பட்டறையை

மூன்றும் பாதியில் நிற்கின்றன. இதை நான் எழுதிக்கொண்டிருப்பது காது பரிசோதனை நிலையத்தின் பெஞ்சில். உள்ளே போகுமுன் அவர் கேட்டார்: "இதை எழுதுவீங்கல்ல?"

"உங்களுக்கு வேண்டாம்னா எழுதல."

"தங்கச்சி படிப்பாளா?"

"முதல் ஆளா படிப்பா."

"அப்ப எழுதுங்க. நானா அவகிட்ட சொல்றதைவிட இது லேசு."

ஆகவே முக்கால்வாசி எழுதிவிட்டேன். மீதி என்னிடம் இல்லை. அவருடைய காதுக்காக நான் ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன், அது மேட்டில் போய் நின்றது. கதவு திறக்கிறது. கையில் ஒரு காகிதத்தோடு வருகிறார், முகம் இன்னும் சரியாகத் தெரியவில்லை. என்ன சொன்னார்கள் என்று நீங்களே கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக.