வாயில் சீப்பு

என் வீட்டுக்காரருக்குக் கத்தரி ஓட வேண்டுமென்றால் முதலில் வாய் ஓட வேண்டும். வாய் நின்றால் கையும் நின்றுவிடும். கல்யாணமான புதிதில் இதை ஒரு குணம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தொழில்நுட்பம்.

வீட்டின் முன்னறைதான் எங்கள் சலூன், இரண்டு நாற்காலிகள். தெருமுனையில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு கடை வந்ததிலிருந்து தலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இரண்டாவது நாற்காலி என் தம்பியுடையது. இப்போது அதில் செய்தித்தாள்தான் உட்கார்ந்திருக்கிறது. அவனுடைய மாமனார் தன் ஊரில் கடை வைத்துத் தருவதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ராணுவ முகாமின் முடிதிருத்தும் டெண்டர் கிடைத்தால் தம்பி இருப்பான். கிடைக்காவிட்டால் பஸ் ஏறுவான். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, விண்ணப்பம் நிரப்புகிற வேலை இருந்தது.

நிறுவனத்தின் கட்டமைப்பைக் கேட்டிருந்தார்கள். நிர்வாக இயக்குநர், என் வீட்டுக்காரர். மனிதவளப் பிரிவு, தம்பி. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, நான். நெருக்கடிக்கால மாற்றுத் திட்டம் என்றும் ஒன்று வேண்டுமாம். கரண்ட் போனால் கை மிஷின் என்பதை ஒரு பக்கத்துக்கு இழுத்து எழுதினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசி நிபந்தனை வரும்வரை. வீரர்களிடம் ஊர், பயிற்சி, பயணம், விடுமுறை பற்றி எதுவும் கேட்கக் கூடாது. நேர்முக ஆய்வின்போது இது சோதிக்கப்படும்.

"லீவு எப்ப முடியுதுன்னுகூட கேக்கக் கூடாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதத்தான் குறிப்பா போட்டிருக்காங்க."

"வெயிலப் பத்தி?"

"எந்த ஊரு வெயில்னு பேச்சு போகும்ல?"

"அப்ப நான் எதுக்கு அங்க?"

அன்றே பயிற்சியை ஆரம்பித்தோம். தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டுக்காரரைப் பேசாமல் வெட்டச் சொன்னேன். கத்தரி அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டே இருந்தது. மனிதவளப் பிரிவு ஒரு வாரம் தொப்பியோடு திரிந்தது. கடைசியில் வழியை நானே கண்டுபிடித்தேன். வாயில் ஒரு சீப்பைக் கவ்விக்கொள்ளச் சொன்னேன். பல் சீப்பைக் கடித்துக்கொண்டிருந்ததில் வாய்க்கு ஏதோ வேலை கிடைத்த திருப்தி. கை ஓடியது.

வாடிக்கையாளர்கள்தான் பயந்துபோனார்கள். "அண்ணனுக்கு என்னாச்சு? வீட்ல எதுவும் பிரச்சனையா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார் பக்கத்து மருந்துக் கடைக்காரர். டெண்டர் என்றேன். "அதுக்கு மாத்திரை எதுவும் எடுக்கறாரா?" என்றார்.

ஆய்வுக்கு முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். துணியைப் போர்த்திக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் சீப்பைக் கவ்விக்கொண்டார். கத்தரிச் சத்தத்தைத் தவிர கடையில் வேறு சத்தமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். வெயில் அதிகம் என்றார். வீட்டுக்காரர் சீப்பை இன்னும் அழுத்திக் கடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தன் மகள் தன்னோடு பேசுவதில்லை என்றார். பிறகு மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சி என்றார். வலது பக்கம் முடிவதற்குள், எந்தப் படைப்பிரிவு எங்கே எப்போது கிளம்புகிறது என்பதையும் சொல்லிவிட்டார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நிபந்தனை என்றால் நிபந்தனை.

திடீரென்று கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"நீங்க யாரும் எதுவும் கேக்கல."

"இல்ல சார்," என்றேன்.

"நானாத்தான் சொன்னேன்."

"ஆமா சார்."

அவருக்கு வியர்த்துவிட்டது. "இது ஆபத்தும்மா. இப்படி அமைதியா இருந்தா எங்க பசங்க எல்லாத்தையும் கொட்டிருவாங்க. மன்னிச்சிருங்க. வாய் ஓயாத ஆளாப் பாத்துத்தான் குடுக்கணும். எதிராளிய ஒரு வார்த்த பேச விடக் கூடாது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் தவளை வாயை மூடிக்கொண்டு கெட்டது. தம்பி மூலையில் முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதிகாரிக்கு இடது பக்கம் பாக்கியிருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சீப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், என் பொண்டாட்டி இருக்காளே," என்று ஆரம்பித்தார்.

வீட்டு ரகசியத்தைச் சொல்லக் கூடாதென்று டெண்டரில் எங்கும் இல்லை. மனிதவளப் பிரிவு என்பது மச்சான்தான் என்றார். தரக்கட்டுப்பாட்டுக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியில்லை என்றார். என் பெரியப்பா வீட்டுச் சண்டை, நான் உப்பு போட மறந்த நாட்கள், கை மிஷின் துருப்பிடித்துக் கிடப்பது, எல்லாம் வந்தன. அதிகாரி இரண்டொரு தடவை வாயைத் திறந்தார், இடம் கிடைக்கவில்லை. கத்தரி பறந்தது.

"ஆனா ஒண்ணு சார். மச்சான் ஊருக்குப் போயிருவான்னு, பாத்ரூம் குழாயத் தெறந்து விட்டுட்டு தெனம் அழறா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. நானும் கேக்காத மாதிரியே இருக்கேன். நான் பேசாம இருக்கற ஒரே விஷயம் அதுதான் சார்."

பெருக்குகிற சத்தம் நின்றது.

வெட்டி முடித்துத் துணியை உதறினார். அதிகாரி எழுந்து, தம்பியைப் பார்த்து, "நீயும் இந்த மாதிரி பேசுவியா?" என்று கேட்டார்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பழகிக்கறேன் சார். மாமா சொல்லிக் குடுப்பாரு."

"அப்ப ரெண்டு பேரும் வந்துருங்க," என்றார் அதிகாரி.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டது.