தலைகீழாகத் தொங்கிய தோரணம்

கசற்றில் பரஞ்சோதியின் குரல் வரும் என்று மாமியும் மருமகளும் ரேப் ரெக்கோடருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்தது ஓர் ஓலம். முதலில் நீளமாக ஒரு விசில், பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம், அதன்பின் நிற்காத இரைச்சல். மாமி இரத்தினம்மா காதைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டாள். குணலட்சுமி எழும்பவில்லை. இந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயாவது தன் புருசனின் குரல் கிடக்கும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. கடைசிவரை கேட்டாள். மறுபக்கத்தையும் மாற்றிப் போட்டுக் கேட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை.

"பேய் கத்துது பிள்ளை. நிப்பாட்டு" என்றாள் இரத்தினம்மா.

அது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம். வெளிநாடு போன பிள்ளைகள் கடிதம் எழுதுவதைவிடக் கசற்றில் கதைத்து அனுப்புவதுதான் அப்போது பண்டத்தரிப்பில் நடப்பு. கடிதத்தை வழியில் யார் யாரோ உடைத்துப் படிப்பார்கள். கசற் என்றால் ஊருக்கு வருகிற ஆளின் பையில் சத்தமில்லாமல் வந்து சேரும். ஜேர்மனிக்குப் போன பரஞ்சோதியிடமிருந்து ஐப்பசிக்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை. அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நமசிவாயம் என்பவன் அச்சுவேலிக்கு வந்திருக்கிறான், அவனிடம் பரஞ்சோதி பார்சல் கொடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆமியின் செல்லடிக்கு, குண்டுக்குப் பயந்து நமசிவாயம் நேரே வராமல், சந்தைக்கு வந்த ஒரு வியாபாரியிடம் பார்சலைக் கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே ஒரு சொக்லேற் பெட்டியும் இந்தக் கசற்றும்தான் இருந்தன.

குணலட்சுமி அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சந்தியில் இருக்கும் கனகரத்தினத்திடம் போனாள். முன்பக்கம் ரேடியோ திருத்துகிற கடை, பின்பக்கம் வீடு. கனகரத்தினம் ஒரு ரேடியோவைத் திறந்து மூடினால் எப்படியும் ஒரு திருகாணி மிஞ்சும். வாய் மட்டும் மிஞ்சாது, முழுவதையும் செலவழித்துவிடுவார். ஊரில் வேறு ஆள் இல்லாததால் எல்லாரும் அவரிடம்தான் போனார்கள்.

சத்தத்தைக் கொஞ்சம் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சி, உது பழுதில்லை. உது கொம்பியூட்டர் கசற். எங்களுக்குத்தான் உது இரைச்சல். அதுக்கு உது பாசை."

லண்டனில் இருக்கிற மச்சான் அவருக்கு ஒரு கொம்பியூட்டர் அனுப்பியிருந்தார். தட்டச்சு மெசினில் பாதியளவு பெட்டி, அதை ரீவியில் பூட்டி, ரேப்பில் கசற்றை ஓடவிட வேண்டும். அதை வைத்து ரியூசன் நடத்திப் பெரிய ஆளாகலாம் என்று நினைத்தார். ஒரு பிள்ளையும் சேரவில்லை. இப்போது ஒரு கசற் தானாகத் தேடி வந்திருக்கிறது. விடுவாரா? மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு போட்டார்.

ஓலம் ஓய்ந்ததும் ரீவியில் ஒரு படம் வந்தது. நிலம் முழுவதும் வெள்ளை. வலது கரையில் சின்ன மேடு, அதன்மேல் ஒரு வீடு, வீட்டில் ஒரு சன்னல், சன்னலில் வெளிச்சம். இடது கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன். அவன் கையில் சிவப்பாக ஒரு புள்ளி. கீழே ஒரு வரி எழுத்து ஓடியது. எழுத்து இங்கிலீசு எழுத்துத்தான், சொல் ஒன்றும் கனகரத்தினத்துக்கு விளங்கவில்லை. ஜேர்மன் பாசையாக்கும் என்றார்.

பொத்தானை அமத்தினால் அந்த மனிதன் நடந்தான். நடக்க நடக்க ஒரு கொட்டுச் சத்தம், முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும். மேட்டடிக்குப் போகுமுன் வெள்ளையிலிருந்து வெள்ளையாகவே ஏதோ ஒன்று எழும்பி அவன்மேல் விழுந்தது. அவன் சரிந்தான். பிறகு மேலேயிருந்து வெள்ளைப் பொட்டுப் பொட்டாக உதிர்ந்து, அவன் கிடந்த இடம் தெரியாமல் மூடிவிட்டது. ஒன்றும் அமத்தாமல் விட்டாலும் இதே கதிதான். நின்ற நிலையிலேயே மூடப்பட்டான்.

"விளையாட்டு. பயப்பிடுத்துற விளையாட்டு" என்றார் கனகரத்தினம். "உங்கடை மனிசனுக்கு உதிலை விருப்பமோ?"

"அவர் கடுதாசிக்கூட்டம்கூட விளையாடமாட்டார் அண்ணை."

சொன்ன பிறகுதான் குணலட்சுமிக்கு அது உறைத்தது. விளையாட்டே பிடிக்காத மனிதன் கடல் கடந்து ஒரு விளையாட்டை ஏன் அனுப்ப வேண்டும்? எழுதவும் முடியாமல், வாயால் சொல்லவும் முடியாமல் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைப் படமாக அனுப்பியிருக்கிறார். நான் பார்த்துப் புரிந்துகொள்வேன் என்று நம்பி அனுப்பியிருக்கிறார். இந்த எண்ணம் வந்த பிறகு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. கரண்ட் இருக்கிற நாளெல்லாம், கனகரத்தினத்தின் மனைவி வீட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். ஊர் வாய் சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா?

முதலில் நல்லதாகத்தான் அர்த்தம் எடுத்தாள். நடக்கிறவன் பரஞ்சோதி. சன்னல் வெளிச்சம் நாங்கள். எப்படியும் வந்து சேருவேன் என்கிறார். கனகரத்தினமும் தன் பங்குக்கு, சிவப்புப் புள்ளி என்றால் ஆபத்து, வெள்ளை என்றால் சமாதானம், பேச்சுவார்த்தை சரிவரப் போகிறது என்று அரசியலே பேசினார். அவருக்கு எதிலும் பேச்சுவார்த்தைதான் தெரியும்.

பிறகொரு நாள், படத்து மனிதனின் கையிலிருந்த விளக்கை அணைக்கிற பொத்தானை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். சிவப்புப் புள்ளி அணைந்தால் அந்த வெள்ளை உருவம் எழும்பவில்லை. மனிதன் மேட்டில் ஏறினான். வீடு பெரிதாகக் கிட்ட வந்தது. அப்போதுதான் கூரை விளிம்பைப் பார்த்தாள். விளிம்பு நெடுக நீளநீளமாக, கூராக, கீழ்நோக்கி ஏதோ தொங்கியது. சன்னலுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுத்த தலைமயிர், வெள்ளைச் சட்டை. முகத்தில் ஒன்றுமில்லை. வாசலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே, எதுவும் வந்து விழாமலே, மனிதன் தானாகச் சரிந்தான். வெள்ளை மூடியது. அவளும் எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்தாள். அவன் ஒருநாளும் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் தொங்கலை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அவள் யோசித்துக்கொண்டேயிருந்தாள். சொன்னது இரத்தினம்மா. மருமகள் இப்படி ஓடி ஓடிப் போய் என்னத்தைப் பார்க்கிறாள் என்று பின்னாலேயே வந்தவள், படத்தைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"உது செத்த வீடெல்லோ" என்றாள்.



"தோரணத்தைப் பார். தலைகீழாத் தொங்குது. கலியாண வீட்டிலை உப்பிடிக் கட்டுவினமே? நிலத்திலை வெள்ளை விரிச்சிருக்கு. பறை அடிக்குது. உவன் கையிலை முதல் இருந்தது கொள்ளி. அதுதான் திரும்பிப் பாக்காமல் போறான்." பிறகு சன்னலைக் காட்டினாள். குரல் இறங்கிப்போனது. "உள்ளை இருக்கிறவளின்ரை நெத்தியைப் பார். பொட்டில்லை."

இவ்வளவு நாளும் தலையும் விளங்காமல் வாலும் விளங்காமல் கிடந்த படம் ஒரே நொடியில் முழுவதும் விளங்கிவிட்டது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் அவளைப் பயப்படுத்தியது.

அடுத்த நாள் காலை சாமி அறையில் குங்குமச் சிமிழைக் காணவில்லை. இரத்தினம்மாவின் மடியில் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. தாலி கழுத்தில் கிடந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. தந்தி வராமல், உடம்பு வராமல், யாரும் செத்ததாகச் சொல்லாமல் ஒரு பெண் பாதி விதவையானாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்டும் காணாதவர்கள் போல வேலியோடு பேசிவிட்டுப் போனார்கள். குணலட்சுமிக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்படியும் அவள் கனகரத்தினம் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்த மனிதனை ஒரு தடவையாவது வாசலில் சேர்த்துவிட்டால் போதும், மாமி சொன்னது பொய்யாகிவிடும் என்று தனக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

பங்குனியில் ஒரு பின்னேரம் அவள் அப்படி நடத்திக்கொண்டிருக்கும்போது, "அந்தச் செத்த வீட்டைப் பாத்தது காணும், வீட்டை வா" என்று இரத்தினம்மா வந்து நின்றாள். அவள் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓர் இளந்தாரி. பரஞ்சோதியின் வீடு எது என்று கேட்கத்தான் அவன் கடைக்குள் தலையை நீட்டினான். ரீவியைக் கண்டதும் சிரித்துவிட்டான்.

"இந்தா, என்ரை மருமோன் பொடியன்ரை கேம் இஞ்சை கிடக்குது. நான் அச்சுவேலி நமசிவாயம், அக்கா. கசற் மாறிப்போச்சு. உங்கடையை அவன்ரை பாக்கிலை போட்டு, அவன்ரையை உங்களுக்குத் தந்துவிட்டிட்டன். செல்லடியாலை வரவும் ஏலாமல் போச்சு. குறை நினையாதேங்கோ."

குணலட்சுமி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். பரஞ்சோதி இதை அனுப்பவேயில்லை. இத்தனை நாளாக மண்டையை உடைத்து உடைத்து அர்த்தம் எடுத்தது யாரோ ஒரு சின்னப் பொடியனின் விளையாட்டுச் சாமான்.

இரத்தினம்மா விடவில்லை. "அப்ப உந்தத் தோரணம்?"

"எது அம்மா? கூரையிலை தொங்குறதோ? உது ஐஸ். அங்கை குளிருக்கு, கூரையாலை வழியிற தண்ணி அப்பிடியே இறுகி ஊசிமாதிரித் தொங்கும். நான் இருந்த அகதிக் காம்பிலும் தொங்கினது. நிலத்திலை கிடக்கிறது ஸ்நோ. மேலையிருந்து கொட்டுறதும் அதுதான். கொட்டு அடிக்கிறது அவன்ரை நெஞ்சு. பயத்திலை அடிக்குதாம்."

"பொட்டில்லாத பொம்பிளை?"

"வெள்ளைக்காரிக்கு ஏதம்மா பொட்டு?"

கனகரத்தினம்தான் முதலில் சிரித்தார். பிறகு அவர் மனைவி. குணலட்சுமிக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐஸ். வெறும் ஐஸ். கண்ணால் கண்டிராத ஒன்றைக் கண்டதாக நினைத்து, செத்த வீடு கொண்டாடியிருக்கிறார்கள். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"முதல்லை அவர் கதைச்சதைப் போடுங்கோ அண்ணை" என்றாள்.

கனகரத்தினம் ரேப்பிலிருந்து விளையாட்டுக் கசற்றை எடுத்துவிட்டு, நமசிவாயம் கொண்டுவந்த கசற்றைப் போட்டார். படம் ரீவியில் அப்படியே நின்றது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அதற்குக் கசற் தேவையில்லை. மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை.

"அம்மா, லட்சுமி, சுகமா இருக்கிறியளே?" பரஞ்சோதியின் குரல் கடைக்குள் நிறைந்தது. இரத்தினம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இஞ்சை என்ரை அகதிக் கேசை மறுத்துப்போட்டாங்கள். திருப்பி அனுப்பிவிடுவாங்கள் போலை கிடக்கு. அதாலை நாளைக்கு எல்லையைக் கடந்து சுவிசுக்குப் போறம். நடைதான். பயப்பிடாதேங்கோ. ஸ்நோ முழங்காலளவு கிடக்காம், ஆனாக் கனதூரம் இல்லையாம். வெளிச்சம் ஒண்டும் கையிலை வச்சிருக்கக் கூடாதெண்டு ஏஜென்சிக்காரன் சொல்லிப்போட்டான். வெளிச்சத்தைக் கண்டாப் பொலிஸ் வந்திடுவாங்கள். தூரத்திலை மேட்டிலை ஒரு வீடு இருக்காம். அந்தச் சன்னல் வெளிச்சத்தைப் பாத்து நடந்தாச் சரியாம். போய்ச் சேர்ந்த உடனை தந்தி அடிப்பன். லட்சுமி, யோசியாதை."

குணலட்சுமி ரீவியைப் பார்த்தாள். மனிதனின் தோளில் வெள்ளை ஏறத் தொடங்கியிருந்தது.

"இதை அவர் எப்ப தந்தவர்?" என்று கேட்டாள்.

"நான் வெளிக்கிட முதல்நாள், மார்கழி நடுவிலை. ஏன் அக்கா, தந்தி வந்திருக்குமே..." நமசிவாயம் அவள் முகத்தைப் பார்த்தான். வெறும் நெற்றியையும் அப்போதுதான் பார்த்தான். சைக்கிள் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். கனகரத்தினம் ரேப்பை நிப்பாட்டினார்.

ஐஸ் என்று தெரியாமல் தோரணம் என்று நினைத்தோம். இப்போது ஐஸ் என்று தெரிந்துவிட்டது. அதனால் என்ன மாறிவிட்டது? மார்கழியிலிருந்து இந்தப் பங்குனிவரை அந்தத் தந்தி வரவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு போகிறவன் மேட்டில் ஏறுவான், வாசலுக்குப் போகமாட்டான். இதை அவள்தானே திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தாள். மாமி படித்த விதத்திலாவது ஒரு வீடும், வெள்ளை விரிக்க நாலு பேரும் இருந்தார்கள். இதில் யாருமே இல்லை.

"என்ரை பிள்ளை கதைக்கிறான்" என்று இரத்தினம்மா விம்மினாள். மார்கழியும் அவள் காதில் ஏறவில்லை, தந்தியும் ஏறவில்லை. குரல் மட்டும் ஏறியது. "நாளைக்குப் போறன் எண்டு சொல்லுறான். கேட்டியே பிள்ளை? என்ரை வாயிலை மண் விழ, நான் என்னவெல்லாம் சொல்லிப்போட்டன். இஞ்சாலை திரும்பு."

மடியிலிருந்து சிமிழை எடுத்தாள். விரலால் குங்குமத்தைத் தொட்டு, நெற்றியில் பெரிதாக வைத்தாள். மூக்கின்மேல் உதிர்ந்ததைத் துடைத்துவிட்டாள்.

மாமியின் தோளுக்கு மேலால் ரீவி தெரிந்தது. மனிதன் நின்ற இடத்தில் இப்போது வெள்ளை மட்டும் இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். குணலட்சுமி, மாமி வைத்து முடிக்கும்வரை நெற்றியைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.