பதின்மூன்றாவது சிறுமி

ஹெஸ்டர் லவ்டே ஒன்பது ஆண்டுகளாகப் புல் செதுக்கி வந்தாள். லண்டனில், கிளார்க்கன்வெல் தெருவொன்றின் மூன்றாம் மாடியில், மேஸ்திரி டன்னிங்கின் செதுக்குக்கூடம் இருந்தது. குழந்தைகளின் படப் புத்தகங்களுக்கு அங்கே மரத்தில் அச்சுக்கட்டைகள் செதுக்கப்பட்டன. நாடாக் குல்லாய் அணிந்த சிறுமிகள் எந்தப் புல்வெளியில் நடந்தாலும் அந்தப் புல் ஹெஸ்டரின் கையால் முளைத்ததாகவே இருக்கும். அச்சிறுமிகளின் முகங்கள் மட்டும் அவளுடையவை அல்ல.

கூடத்தில் வேலைப் பங்கீடு கண்டிப்பானது. முகமும் கையும் மேஸ்திரிக்கும், ஜன்னலோர நாற்காலியில் அமர்பவருக்கும் உரியவை. வானம் ஜேபஸ் ஃபின்ச்சுக்கு. புல், இலை, வேலி யாவும் ஹெஸ்டருக்கு. ஜன்னலோர நாற்காலியில் இருந்த ஆஸ்போர்ன் என்பவர் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறிய பிறகு அது ஒரு மாதமாகக் காலியாகவே கிடந்தது. அதைத் தனக்குத் தருமாறு ஹெஸ்டர் மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் மேஸ்திரி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"புல்லுல தப்புப் பண்ணா அது வேற புல்லு. மூஞ்சியில தப்புப் பண்ணா அது வேற ஆளு. நீ புல்லையே பாரும்மா."

ஆனால் மேஸ்திரி செதுக்கிய முகங்களில் வேற ஆள் என்று எவருமே இருந்ததில்லை என்பது ஹெஸ்டரின் எண்ணம். எல்லாக் குழந்தைகளுக்கும் அதே உப்பிய கன்னம், சட்டைப் பொத்தான் அளவில் அதே வாய். பதிப்பாளர் பிரிம்லி விரும்பியதும் அதுவே. அவருடைய புத்தகங்களில் ஒரு நாளும் மழை பெய்ததில்லை. எந்தக் குழந்தைக்கும் மூக்கு ஒழுகியதில்லை. முழங்காலில் சிராய்ப்போ, காலுறையில் ஓட்டையோ, கையில் கடித்த ரொட்டியோ எவருக்கும் இருந்ததில்லை.

அந்தப் பிப்ரவரியில் கூடத்தில் ஒரு மே மாதக் காலை உருவாகிக்கொண்டிருந்தது. வெளியே கரிப்புகை கலந்த மூடுபனி. உள்ளே, பன்னிரண்டு சிறுமிகள் கைகோத்து வட்டமாக ஆடும் பசும்புல்வெளி. ஈஸ்டருக்கு வரவேண்டிய புத்தகத்தின் முகப்புப் படம் அது. பெரிய படமாதலால், ஒன்பது சிறு கட்டைகளை மரையாணியால் பிணைத்த பலகையின் மேல் ஓவியர் லேன்யன் பென்சிலால் வரைந்து, தாள் போர்த்திக் கொடுத்திருந்தார். கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்கி, முடிவில் மீண்டும் பிணைப்பது வழக்கம். எட்டுக் கட்டைகள் முடிந்துவிட்டன. பன்னிரண்டு முகங்களையும் மேஸ்திரி தம் கையாலேயே முடித்திருந்தார். எஞ்சியது வலது கீழ் மூலை மட்டுமே.

வியாழக்கிழமை காலை, வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கியபடி, அந்தக் கடைசிக் கட்டையை அவர் ஹெஸ்டரின் முன் வைத்தார்.

"வெறும் புல்லு. ரெண்டு மணிக்குப் பிரிம்லி வர்றாரு. நான் பல்லைப் பிடுங்கிட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன். முடிச்சு வை."

பென்சில் கோடு மூச்சுக் காற்றிலும் அழியக்கூடியது. ஆகவே கட்டையைத் தாளால் போர்த்தி, செதுக்கும் இடத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கிழித்துத் திறப்பார்கள். ஹெஸ்டர் மணல் நிரப்பிய தோல் பையின் மேல் கட்டையை இருத்தி, ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள். காற்று இடப்புறமாக வீசுவதுபோல் எல்லாப் புல்லும் இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. தாளை இன்னும் கொஞ்சம் கிழித்தாள். அங்கே புல் இல்லை.

"ஜேபஸ் அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க."

"என்ன, புல்லுல பாம்பா?"

"பூட்ஸு."

வேறொரு படத்தின் வானத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த ஜேபஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பூட்ஸின் அடிப்பாகம்தான், லாடம் உட்பட. ஹெஸ்டர் மெல்ல மெல்லத் தாளைக் கிழித்தாள். கணுக்கால்வரை வழிந்திறங்கிய காலுறை வந்தது. புள்ளிகள் இட்ட கவுன் வந்தது. புல்லைப் பற்றிய கை வந்தது. கடைசியில், குல்லாய் கழுத்துக்குப் பின்னால் தொங்க, வாய் திறந்த ஒரு முகம் வந்தது. முன்பல் ஒன்று இல்லை.

"லேன்யன் குடிச்சிட்டு வரைஞ்சாரா?" என்றார் ஜேபஸ்.

"அவரு டீயைத் தவிர ஒண்ணும் குடிக்க மாட்டாரே."

"அப்ப விளையாட்டுக்கு வரைஞ்சுட்டு அழிக்க மறந்திருப்பாரு. நீ எச்சில் தொட்டுத் தேய்ச்சுட்டு மேலே புல்லைப் போடு தாயே. ஒருத்தருக்கும் தெரியாது."

அது எளிய வழி. விதிப்படி நடக்கும் வழியும் ஒன்று இருந்தது: மேஸ்திரி வரும்வரை கட்டையை மூடி வைத்துவிடலாம். ஆனால் ஒரு மணிக்கு வருபவர் இரண்டு மணிக்குள் ஒரு முகத்தைச் செதுக்க இயலாது. அவரும் எச்சில் தொட்டுத் தேய்த்துவிடுவார். ஹெஸ்டர் விரலை நாக்கருகே கொண்டுபோனாள். பிறகு கீழே இறக்கினாள்.

"அண்ணே, நான் இதைச் செதுக்கப் போறேன்."

ஜேபஸ் வாசலைப் பார்த்தார். "கெடுத்தேன்னா அந்த நாற்காலி மட்டும் இல்ல, இந்த ஸ்டூலும் போயிடும்."

"தெரியும்."

"சரி. நான் படிக்கட்டுப் பக்கம் காதை வெச்சுக்கறேன். வானம் எங்கேயும் ஓடிடாது."

மரத்தில் உளி பட்ட இடம் அச்சில் வெள்ளை. படாத இடம் கறுப்பு. வெட்டிய கோட்டைத் திரும்பப் பெற முடியாது. இதில் வேறொரு இடரும் இருந்தது. வாய் இருந்த இடத்தில் பென்சில் கலைந்திருந்தது. சிறுமி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஹெஸ்டருக்கு விளங்கவில்லை.

அவள் ஹாக்ஸ்டனில் எட்டுப் பிள்ளைகளில் மூத்தவளாக வளர்ந்தவள். ஏழு முகங்களைத் தினமும் கழுவியவள். விழுந்த குழந்தை உடனே அழுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். முதலில் தலையை நிமிர்த்தி, யாராவது பார்த்தார்களா என்று பார்க்கும். அழுவதா சிரிப்பதா என்ற தீர்மானம் அதற்குப் பிறகுதான். அந்த அரைக் கணத்தில் வாய் திறந்தே இருக்கும். புருவம் மேலே போயிருக்கும். கண் மட்டும் ஆள் தேடும்.

அவள் அந்த அரைக் கணத்தைச் செதுக்கினாள். புருவத்துக்கு மூன்று வெட்டுகள். கண்ணுக்குள் ஒளிக்காக ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. அதை இடும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். பல் போன இடத்தைத் தொடாமல் விட்டாள். அது தானே கறுப்பாக நின்றது.

ஒரு மணிக்குப் படிக்கட்டில் செருமல் கேட்டது. மேஸ்திரி தாடையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி, உச்சந்தலையில் முடிச்சிட்டு வந்தார். வாய் நிறையப் பஞ்சு. கட்டைகளைப் பிணைத்து, மை தடவி, மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து உரித்தார். தாள் பாதி உரிந்ததும் அவர் கை நின்றது.

"யாரு இது?" பஞ்சின் வழியே குரல் கொழகொழத்து வந்தது.

"தெரியல, மேஸ்திரி. கட்டையில இருந்தா."

"நான் உனக்குப் புல்லுன்னு குடுத்தேன்."

"புல்லுலதான் விழுந்து கிடக்குறா."

மேஸ்திரிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் இடம் கொடுக்கவில்லை. ஆகவே சுவரில் மாட்டியிருந்த துளைக்கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிழையான இடத்தைத் துளைத்தெடுத்து, ஒரு மரத்துண்டை அடைத்து, அதன் மேல் மறுபடி செதுக்குவது அவர்களுடைய தொழிலில் உள்ள ஒரே மன்னிப்பு.

"நீயே துளை. நீயே அடை. மேலே புல்லு வெட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிக்கும்போது பேசிக்கலாம்."

ஹெஸ்டர் துளைக்கருவியைக் கையில் எடுத்தாள். அப்போது குறித்த நேரத்துக்கு முன்னதாகவே பிரிம்லி வந்துவிட்டார். அவர் குடையும் வயிறுமாக முன்னே வர, ஓவியர் லேன்யன் பின்னால் ஒல்லியாக வந்தார். பிரிம்லி தாளைக் கையில் எடுத்து, பன்னிரண்டு பேரையும் ஒரே பார்வையில் கடந்து, மூலைக்கு வந்து நின்றார்.

லேன்யன் எட்டிப் பார்த்து வெளிறிப்போனார். "ஐயையோ. இவளை அழிக்கணும்னு ரொட்டித் துண்டு எடுத்து வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் அழிக்கல?" என்றார் ஜேபஸ். ரொட்டியால் பென்சிலை அழிப்பது ஓவியர்களின் வழக்கம்.

"பசி வந்துச்சு. தின்னுட்டேன்."

பிரிம்லி இதையெல்லாம் கேட்கவில்லை. "இவ ஏன் என்னையே பாக்குறா?"

மேஸ்திரி பஞ்சைத் துழாவிக்கொண்டு பதில் தேடுவதற்குள் ஹெஸ்டர் சொன்னாள்: "அழலாமா சிரிக்கலாமான்னு உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவா, சார்."

"நான் என்ன பண்ணணும்?"

"நீங்க சிரிச்சா அவளும் சிரிச்சுடுவா."

பிரிம்லி தாளை மறுபடி பார்த்தார். முதலில் அவர் வயிறு குலுங்கியது. பின்னரே சிரிப்பு வெளியே வந்தது. சிரித்தபடியே விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்ததும் சிரிப்பு அடங்கியது.

"பதிமூணு."

பிரிம்லி மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"பரிசு குடுக்குற புத்தகத்துல பதிமூணு பேரா? என் மாமியார் பதிமூணு பேர் இருக்குற சாப்பாட்டு மேசையில உக்காரவே மாட்டாங்க. அப்படிப்பட்ட மாமியாருங்கதான் நம்ம புத்தகத்தை வாங்குறாங்க. ஒருத்தி போகணும், டன்னிங்."

மேஸ்திரி மகிழ்ச்சியுடன் மூலையைச் சுட்டினார். "சின்ன வேலை. ஒரு துளை, ஒரு அடைப்பு."

இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச இயலாது என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. அவள் கையை நீட்டி, தாளின் வலது ஓரத்தில், வட்டத்தின் பன்னிரண்டாவது சிறுமியின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்தாள்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார்கள். வட்டத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. அதன் இருபுறமும் நின்ற சிறுமிகளின் கைகள் ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி நீண்டிருந்தன. அப்போதுதான் பிடி நழுவியதுபோல் இருந்தது. அவர்களுக்குக் கீழே, புல்லில், பல் போன சிறுமி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் அதே புள்ளிக் கவுனு" என்றாள் ஹெஸ்டர்.

லேன்யன் காது சிவக்கத் தலையாட்டினார். "ஒரே பொண்ணுதான். ரொட்டிக்கடைக்காரரோட மக. ஆடிக்கிட்டே இருந்தா, பொத்துனு விழுந்துட்டா. விழுந்ததையும் வரைஞ்சேன்."

"அப்ப நிக்கிறவதான் அதிகப்படி" என்றார் பிரிம்லி. பிறகு சற்று யோசித்தார். "ஆனா என் புத்தகத்துல இதுவரைக்கும் ஒரு குழந்தையும் விழுந்ததில்லையே. டன்னிங், கூடம் உங்களோடது. ரெண்டுல யாருன்னு நீங்களே சொல்லுங்க. அஞ்சு மணிக்குக் கட்டை அச்சகத்துக்குப் போகணும்."

பன்னிரண்டாவது சிறுமியின் முகம் மேஸ்திரி ஒரு பகல் முழுவதும் செதுக்கியது. உப்பிய கன்னம், பொத்தான் வாய். குறை ஒன்றும் சொல்ல முடியாது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். வட்டம் முழுவதையும் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார். பிறகு மூலைக்கு இறங்கி அங்கே வெகுநேரம் தங்கினார். அவருடைய நாக்கு, தன்னையறியாமல், காலையில் பல் போன இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கன்னத்தில் அது ஊர்வது வெளியே தெரிந்தது.

"உங்களுக்கும் அவளுக்கும் ஒரே ஜாடைதான், மேஸ்திரி" என்றார் ஜேபஸ்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது வலித்தது. வலித்ததில் கோபம் வந்து, அதுவும் நிற்காமல் போயிற்று.

"கண்ணுல அந்தப் புள்ளி" என்றார். "எந்த உளி?"

"மெல்லிசு. வேலிக்கு வெச்சிருக்கறது."

"வேலி உளியால கண்ணா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நிக்கிறவ போகட்டும்."

பிரிம்லி குடையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் தாளைப் பார்த்து மறுபடி சிரித்துவிட்டுப் போனார். லேன்யனும் அவர் பின்னால் போய்விட்டார். பன்னிரண்டாவது சிறுமி தனிக் கட்டையில் நின்றதால் வேலை சுலபமாயிற்று. அந்தக் கட்டையைக் கழற்றி, அதே அளவில் புதுக் கட்டை ஒன்றை எடுத்தார்கள். அதற்குத் தேவை புல்லும் தொலைவில் ஒரு வேலியும் மட்டுமே. ஹெஸ்டர் தன் ஸ்டூலை நோக்கிப் போனாள். மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"என் மூஞ்சி போன இடத்துல புல்லையும் நான்தான் வெட்டுவேன்."

அவர் அவளுடைய ஸ்டூலிலேயே அமர்ந்து, அவளுடைய மூலைக் கட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கலானார். புல்லைத் தொட்டு அவருக்கு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கால் மணி நேரம் கழித்து ஜேபஸ் எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் வானத்துக்குத் திரும்பினார். ஹெஸ்டரும் பார்த்தாள். அவர் வெட்டிய புல் வகிடெடுத்து வாரிய தலைமயிர்போல் இருந்தது. சும்மா இருக்க நினைத்தாள், முடியவில்லை.

"மேஸ்திரி, காத்து இந்தப் பக்கமாத்தான் அடிக்குது."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கமா. உங்க புல்லு எதிர்க்காத்துல நிக்குது."

மேஸ்திரி இரண்டு கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கட்டையைக் கவிழ்த்து, கெடாத மறுபுறத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் புல்லை இடப்பக்கமாகச் சாய்த்தார், இரண்டாவதையும் சாய்த்தார். முதுகுக்குப் பின்னால் அவள் நிற்பது அவருக்குத் தொந்தரவாக இருந்தது.

"நின்னுக்கிட்டு என்ன பண்றே? வெளிச்சத்தை மறைக்கிறியே."

"என் ஸ்டூல்ல நீங்க உக்காந்திருக்கீங்க."

"அங்க ஒரு நாற்காலி காலியாத்தானே கிடக்கு" என்றார் மேஸ்திரி, தலை நிமிராமல். "மணல் பையையும் எடுத்துக்கோ. எனக்கு இங்க அது இடிக்குது."

ஹெஸ்டர் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போனாள். நாற்காலியின் மேல் ஒரு மாதத் தூசி படிந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமலே உட்கார்ந்தாள். கீழே தெருவில், பனி உறைந்த சாக்கடை ஓரத்தில், நான்கு சிறுவர்கள் வரிசையாகச் சறுக்கி, வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக விழுந்தவன் தலையை நிமிர்த்தி, யாராவது பார்த்தார்களா என்று அக்கம்பக்கம் தேடினான். மூன்றாம் மாடி ஜன்னல்வரை அவன் கண் வந்தது.

ஹெஸ்டர் சிரித்தாள்.

அவனும் சிரித்துவிட்டான்.