ஆதிமூலத்தின் வயிற்றுக்குள் ஒரு பாத்தி

மரக்காணத்து வெயிலோடு மல்லுக்கட்டி, அந்த வெயிலுக்கே மூச்சு வாங்க வைத்தவர் ஆதிமூலம். உப்பளத்தில் அவர் உப்பு வாரும் பலகையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் வங்கக் கடலே நாலு அடி பின்வாங்கும் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில், பச்சை அங்கியின் நாடாவை முன்னால் முடிவதா பின்னால் முடிவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் கிட்னிக் கல்லால் வந்த வினை. போன வாரம் கல்லைத் தேடிப் போன ஸ்கேன், கல்லை விட்டுவிட்டுக் கணையத்தில் ஒரு நீர்க்கட்டியைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

"கணையமா? அப்பிடி ஒண்ணு எனக்கு எப்பலேர்ந்துங்க இருக்குது?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"பொறந்ததுலேர்ந்து இருக்குதுங்கய்யா. இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர் ஜெயப்ரியா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இந்த மாதிரி கட்டி நிறைய பேருக்கு இருக்கும், சும்மாவே கிடக்கும். சிலது மட்டும் கேன்சரா மாறும். உள்ள வெறும் தண்ணியா இருந்தா பெரிய பயமில்ல. கெட்டியா ஏதாவது முளைச்சிருந்தா, இல்ல கணையத்தோட பெரிய குழாய் வீங்கியிருந்தா, ஆபரேஷன் பத்திப் பேசணும். உங்களுது எதுன்னு கத்தி வைக்காமயே பாத்துடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க."

அதற்குத்தான் இந்தப் பச்சை அங்கி. உள்ளே படுக்க வைத்ததும் எந்திரம் போட்ட சத்தத்தில், பெருமுக்கல் மலையேறி உட்கார்ந்திருக்கிற சாமியே காதைப் பொத்தியிருக்கும். "மூச்சை இழுத்து அடக்குங்க" என்றது ஒரு குரல். அவர் அடக்கிய மூச்சில் லாரி டயருக்குக் காற்றடித்திருக்கலாம்.

முடிந்து வெளியே வந்து, டாக்டரின் அறை வாசலில் மனைவி சின்னப்பாப்பாவோடு உட்கார்ந்தார். கை சும்மா இருக்கவில்லை. உறைக்குள்ளிருந்து ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கன்னங்கரிய இருட்டு. அதில் கிளை கிளையாக வெள்ளை வாய்க்கால்கள். ஒரு வாய்க்கால் ஓரத்தில், திராட்சை அளவுக்கு, வெள்ளை வெளேரென்று ஒன்று.

"ஏம்மே," என்றார். "வெளைஞ்சிடுச்சி."

"இன்னாய்யா வெளைஞ்சிடுச்சி?"

"கட்டிதான். தண்ணியா இருந்தா கறுப்பா கெடக்காது? வெள்ளையா இறுகிப்போச்சி பாரு."

உப்பளத்துக்காரருக்கு அது பாலபாடம். பாத்தியில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். வெளுத்தால் உப்பு இறுகிவிட்டது. ஆயுசு முழுக்க வெள்ளையைக் கண்டு பூரித்த கண் அன்றைக்குத்தான் வெள்ளையைக் கண்டு நடுங்கியது. சின்னப்பாப்பாவும் உப்பு வாரியவள்தான். ஃபிலிமை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"பெரிய டாக்டரு நீ! உள்ள வெச்சி மூடு," என்று அதட்டினாள். ஆனால் பெயர் கூப்பிடும்வரை அவர் கையை விடவில்லை. நாலு பேர் பார்க்க அவள் அந்தக் கையைப் பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான்.

உள்ளே போனதும் ஆதிமூலம் முந்திக்கொண்டார். "எப்பங்க அறுக்கப் போறீங்க?"

"யாரு சொன்னாங்க அறுக்கணும்னு?"

"வெள்ளையா இறுகிக் கெடக்குதுங்களே."

ஜெயப்ரியா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இந்தப் படத்துல தண்ணிதாங்க வெள்ளையா மின்னும். கெட்டியா இருக்கிறதுதான் கறுப்பாத் தெரியும். கட்டிக்குள்ள கறுப்பா எதனா இருக்குதான்னு நீங்களே பாருங்க."

மௌஸின் சக்கரத்தை உருட்டினார். வாழைத்தண்டைச் சீவுவது போல ஆதிமூலத்தின் வயிறு திரையில் சீவல் சீவலாகத் திறந்தது. ஈரல் வந்தது. ஈரலுக்குள் ஒரு வெள்ளை மரம் கிளைவிட்டது. பித்தப்பை முழுநிலவாக எழுந்து மறைந்தது. கடைசியாக அந்தத் திராட்சை வந்தது; புள்ளியாகத் தோன்றி, பெருத்து, சிறுத்து, போயிற்று. அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"கறுப்பு இல்லீங்களே?"

"இல்லீங்க. சுவரும் மெல்லிசா இருக்கு, பெரிய குழாயும் நூலாட்டந்தான் இருக்கு. இப்போதைக்குக் கத்தி வேணாம். ஆனா இத்தோட விட்டுடக் கூடாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்து, வளருதான்னு பாக்கணும்."

"உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க! வெளைஞ்சிடுச்சின்னு என் உசுர வாங்கினியே," என்று சின்னப்பாப்பா அவர் தோளில் ஒன்று வைத்தாள். முந்தானை கண்ணுக்குப் போனது.

அவருக்கு அடி உறைக்கவே இல்லை. "டாக்டரம்மா, கோச்சிக்காதீங்க. இன்னொரு வாட்டி மொதல்லேர்ந்து உருட்டுங்க."

கதவருகே அடுத்த நோயாளி கனைத்தார். ஜெயப்ரியா உருட்டினார். மறுபடியும் மரம் கிளைத்தது, நிலா எழுந்தது.

"ஒரு எடத்துல ஒடைப்பு இல்ல, ஒரு வரப்பு கரையல. எந்த ஆளு வெச்சி வெட்டின வாய்க்காம்மே இது?" என்றார் ஆதிமூலம், மெதுவாக. அவரை அறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

சின்னப்பாப்பாவும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கை மட்டும் தன் வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"இந்த மனுசனுக்கே உள்ள இவ்ளோ அழகுன்னா," என்றாள், "எனக்கு எப்பிடிங்க இருக்கும்!"