குருவாயூர் போவதாகச் சொல்லிவிட்டு

சிவப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, "ஏனுங்க, எல்லாரும் இந்தக் கொடையப் பாத்துட்டே வாங்க. கொடை எங்க போகுதோ அங்கதான் நாம" என்று அந்தப் பெண் சொன்னபோது, வெங்கடம்மாள் குடையைப் பார்க்கவில்லை, குடையைப் பிடித்த கையைத்தான் பார்த்தாள். வளையல் இல்லை. கடிகாரம் மட்டும் இருந்தது, அதுவும் ஆம்பளைகள் கட்டுகிற மாதிரி அகலமாக. போகட்டும், நிறைவான கை, நாலு வளையல் போட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனதைத் தேற்றிக்கொள்வதில் இந்த எட்டு வருஷத்தில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

கொச்சிக் கோட்டையின் கடற்கரை அது. கோயமுத்தூரிலிருந்து விடியற்காலை ரயிலேறி, எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் அக்கரை வந்து சேர்வதற்குள்ளேயே வெங்கடம்மாளின் இரண்டு முழங்காலும் கெஞ்ச ஆரம்பித்திருந்தன. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் பாலகோபால், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க வந்தவர் முகத்தை வைத்துக்கொள்ளப் பிரயாசைப்பட்டார். அவருக்கு அந்த முகம் வரவில்லை. மாடு வாங்க வந்தவர் முகம்தான் வந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் அக்ஷிதா. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய கொச்சியை நடத்திக் காட்டுகிற வேலை. தரகர் திருமலைசாமிதான் துப்புக் கொடுத்தார். "நம்ம ஆளுகதானுங்க. சாதகம் அம்சமாப் பொருந்துது. ஆனா பொண்ணு ஊட்டுப் பக்கமே வாரதில்லை. நீங்க ஒண்ணு பண்ணுங்க, கூட்டத்தோட கூட்டமா ஒரு நடை நடந்து பாத்துபோட்டு வந்துருங்க. புடிச்சா மேக்கொண்டு பேசிக்கலாம்" என்றார். முறைப்படி போய்ப் பார்ப்பதற்கு முன்னால் இப்படி மறைவாக ஒருதரம் பெண்ணைப் பார்த்துவிடுவது அவர்கள் பக்கத்தில் உள்ளதுதான். கோயிலில் பார்த்திருக்கிறார்கள், ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர் பெண்ணைப் பார்க்க, பாலகோபால் ஒரு குறையும் இல்லாத பல்லைச் சுத்தம் செய்துகொண்டுகூட வந்தார். அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டது. பல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

மகன் சாய்சரணுக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாக மோட்டார் வைண்டிங் பட்டறை. குடி இல்லை, சிகரெட் இல்லை. முதல் இரண்டு வருஷம் இவர்கள்தான் கழித்துக் கட்டினார்கள். ஒருத்தி குள்ளம், இன்னொருத்திக்கு அண்ணன் தம்பி இல்லை, வேறொருத்தி சிரிக்கும்போது ஈறு தெரிகிறது. அதற்கப்புறம் பெண் வீட்டுக்காரர்கள் கழிக்க ஆரம்பித்தார்கள். பட்டறைக்காரன் கையில் கிரீஸ் வாடை போகாதாம். மாதச் சம்பளம் இல்லையாம். மாமியார் கூடவே இருப்பாளாம். ஐயோ, பிறகு மாமியார் எங்கே போவாள்? போன தீபாவளியன்று சாய்சரண் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான், இனிமேல் எனக்காக யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம் என்று. கத்தியிருந்தால் தேவலை. அதனால்தான் அவனிடம் குருவாயூர் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இந்த ஒரு பெண், அவ்வளவுதான். இதுவும் இல்லையென்றால் விட்டுவிடுவது என்று வெங்கடம்மாள் ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள்.

கையிலிருந்த பையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது. முந்தின நாள் பூ மார்க்கெட்டில் வாங்கி, வாழையிலையில் சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து எடுத்து வந்தது. பெண்ணைப் பிடித்துப்போய் மாமியாராக வரப்போகிறவள் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. பார்க்கத்தானே போகிறோம், பூ எதற்கு என்று பாலகோபால் கேட்டார். கிடக்கட்டும் என்றாள். எட்டு வருஷமாக அவள் பூ இல்லாமல் பெண் பார்க்கப் போனதில்லை, ஒருதரமும் வைத்ததுமில்லை. திரும்பி வருகிற வழியில் ஏதாவது சாமிக்குப் போட்டுவிடுவாள்.

கரையோரம் சீன வலைகள் பெரிய பெரிய கழிகளில் தொங்கின. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, வலை தண்ணீரிலிருந்து மேலே வந்தது. ஒரு கைப்பிடி மீனும் கொஞ்சம் பாசியும் இருந்தன. "இத்தனை பேரு இழுத்து இவ்வளவுதானுங்களா?" என்று பாலகோபால் கேட்டார். "சில நேரம் இதுவும் வராதுங்க. மறுபடியும் எறக்குவாங்க" என்றாள் அக்ஷிதா. கணீரென்ற குரல், கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் எட்டியது.

வெங்கடம்மாள் வீட்டுக்காரர் பக்கம் லேசாகச் சாய்ந்து, தெலுங்கில், "மஞ்சி பில்ல. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். நல்ல பெண்தான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. "போட்டோவில் இருந்த நிறம் இல்லை" என்றார் அவர், அதே தெலுங்கில். வீட்டுப் பேச்சு தெலுங்கு, வெளிப் பேச்சு தமிழ். கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸிலும் புடவைக் கடையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் எது பேச வேண்டியிருந்தாலும் அவர்கள் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரிதான். எதிரே இருப்பது யார் என்று யோசித்துத் தாவுவதில்லை, அது தானாக வருவது.

கூட்டத்தில் அவர்கள் ஊர் உக்கடத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருந்தது, ஷாநவாஸ், ஃபஹீமா என்று. பையன் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான். மாதா கோயில் படியில் ஏறும்போது ஃபஹீமா வந்து வெங்கடம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் காலை வெச்சுட்டு எதுக்குங்கம்மா இவ்வளவு தூரம் நடக்குறீங்க?" என்றாள். "ஊரு பாக்கத்தான் கண்ணு" என்றாள் வெங்கடம்மாள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ச்சே, என்ன புத்தி இது, அது பாவம் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோயிலுக்குள் தரையில் ஒரு கல்லைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தார்கள். "வாஸ்கோடகாமாவை முதல்ல இங்கதான் பொதைச்சாங்க. சில வருஷம் கழிச்சு, தோண்டி எடுத்து அவங்க ஊருக்கே கொண்டுபோயிட்டாங்க. இப்ப வெறும் கல்லுதான் இருக்குது" என்று அக்ஷிதா சொன்னாள். பாலகோபால் தெலுங்கில் முணுமுணுத்தார்: "இவளையும் இப்படித் தோண்டித்தான் எடுத்துக்கொண்டு போகணும் போல. ஊர்ப் பக்கமே வராதவள்." வெங்கடம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்ற அக்ஷிதா அப்போது ஏனோ இருமினாள்.

அப்புறம் நடை, மறுபடி நடை. பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குகள், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், தெருவையே மூடி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் ஒரு கதை வைத்திருந்தாள், ஒவ்வொரு கதைக்கும் இவர்கள் தெலுங்கில் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். முடியைக் கத்தரித்திருக்கிறாள், வளர்ந்துவிடும். வயசு முப்பத்தொன்று என்றார்கள், பார்த்தால் கூடத் தெரிகிறது. ஆனாலும் பின்னால் வருகிறவர்களை நின்று நின்று பார்த்துக் கூட்டிப் போகிறாள், அந்தக் குணம் இருக்கிறதே, அது யாருக்கு வரும்? கடைசியில் வெங்கடம்மாளால் முடியவில்லை. மரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தெ உக்காந்துக்கலாமுங்க. டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று அக்ஷிதா எல்லாரையும் அவிழ்த்துவிட்டாள். மற்றவர்கள் எதிரே இருந்த கடைக்குப் போனார்கள். வெங்கடம்மாள் செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அதைப் பார்த்ததும் என்னவோ தாங்கவில்லை. தெலுங்கில் சொன்னாள்: "இவளும் வேண்டாம் என்றால் நான் இனி எங்கேயும் வரமாட்டேன். சொந்தக்காரன் கல்யாணத்துக்கெல்லாம் வந்து, உள்ளே வராமல் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நிற்கிறான் என் பிள்ளை. உனக்கு எப்போது என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். அவன் அங்கே நிற்கிறதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இவளாவது சரி என்று சொல்லிவிட்டால் தேவலை." சொல்லிக்கொண்டே பையைத் திறந்து வாழையிலைப் பொட்டலத்தைத் தொட்டாள்.

"அந்தப் பூவை இப்போதே எடுக்காதே. அவசரப்படாதே" என்றார் பாலகோபால்.

"கொடுங்கள் அம்மா. வாடிப்போய்விடும்."

தெலுங்கில் வந்த குரல். பின்னால் இரண்டு டீ டம்ளரோடு அக்ஷிதா நின்றுகொண்டிருந்தாள்.

பாலகோபால் தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தலையிலேயே போட்டுக்கொண்டார். வெங்கடம்மாளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நம்ம ஆளுக, நம்ம ஆளுக என்று சாதகம் பார்த்து, வீட்டுப் பெயர் விசாரித்து, தேடிப்பிடித்து வந்த பெண்ணுக்கு, நம்ம பேச்சு தெரியாது என்று எந்த மடச்சியாவது நினைப்பாளா? நினைத்திருக்கிறாளே!

அக்ஷிதா டீயைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தமிழுக்கு வந்துவிட்டாள். "வேலை நேரமுங்க. அந்தப் பேச்சுல பேசினா எனக்கு அழுகை வந்துரும். வலைகிட்ட நிக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. போன மாசம் பொள்ளாச்சியில இருந்து ஒரு குடும்பம் இப்படித்தான் வந்துச்சு. அவங்க தமிழ்லயே பேசிட்டாங்க, வந்த வழியே அனுப்பிபோட்டேன். நீங்க நம்ம பேச்சுப் பேசிட்டே வந்தீங்க. ரொம்ப நாளாச்சுங்க கேட்டு. அதான் நிறுத்தச் சொல்ல மனசு வரல."

"தப்பா எடுத்துக்காத அம்மணி" என்றாள் வெங்கடம்மாள்.

"உங்க பையனுக்குத் தெரியுங்களா, நீங்க இங்க வந்தது?"

பாலகோபால் மரத்தைப் பார்த்தார். "குருவாயூர்னு சொல்லிப்போட்டு வந்தோம்" என்றாள் வெங்கடம்மாள்.

"எங்கம்மாவும் எனக்குச் சொல்லலீங்க. மாப்பிள்ளைக்கும் தெரியாது, பொண்ணுக்கும் தெரியாது. நல்ல கல்யாணமுங்க." சிரித்தாள். ரொம்பக் களைத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

"என்னால இதுக்கு மேல நடக்க முடியல கண்ணு" என்றாள் வெங்கடம்மாள். எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"எனக்கும்தானுங்க" என்றாள் அக்ஷிதா.

அப்போதுதான் போன் அடித்தது. சாய்சரண். வெங்கடம்மாள் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பாள், காதில் வைத்துப் பேசினால் பேசுகிறதே கேட்பதில்லை. பழக்கத்தில் விரல் போய் அழுத்திவிட்டது. வீட்டுத் தெலுங்கில் அவன் குரல் பெஞ்சு முழுக்கக் கேட்டது. "குருவாயூரில் கூட்டமா அம்மா?"

பாலகோபால் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று சொல்லிவிடு என்றது அந்தக் கண். வெங்கடம்மாள் அவரைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள். இந்தப் பெண் முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"குருவாயூர் போகவில்லையப்பா. கொச்சியில் இருக்கிறோம்."

"பெண் பார்க்கவா?"

"ஆமாம்."

பட்டறையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ நிறுத்தினார்கள். கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தட்டும், இன்றைக்காவது கத்தித் தீர்க்கட்டும்.

"கால் வலிக்கிறதா அம்மா?" என்றான்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கொஞ்சம்" என்று பாலகோபால்தான் குனிந்து போனுக்குள் சொன்னார்.

"வெயிலாக இருக்கும். எங்கேயாவது உட்காருங்கள்" என்றான். வெங்கடம்மாள் போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்ஷிதா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையிலிருந்து கூட்டம் திரும்பி வரத் தொடங்கியது. அவள் வெங்கடம்மாளின் பக்கம் கையை நீட்டி, குரலை அடக்கி, "தலையில வெச்சுவிட்டராதீங்க. கைல குடுங்க" என்றாள். வெங்கடம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். பூ இன்னும் வாடவில்லை. கொடுத்தாள். அக்ஷிதா அதை மோந்து பார்த்தாள். வைக்கிற மாதிரி முடியும் அவளுக்கு இல்லை. குடையை விரித்து, அதன் உச்சிக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். மீதிச் சரம் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"வாங்க, கெளம்பலாம். மெதுவாவே போலாமுங்க, அம்மாவுக்குக் கால் வலிக்குது" என்று எழுந்து குடையை உயர்த்தினாள். "அடுத்தது துணி வெளுக்கற எடமுங்க. டச்சுக்காரங்க காலத்துல நம்ம தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிட்டு வந்த ஆளுங்கன்னு சொல்லுவாங்க. இத்தனை தலைமுறை ஆச்சு, ஊட்டுக்குள்ள இன்னும் தமிழ்தான் பேசறாங்க."

ஃபஹீமா ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ள, வெங்கடம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். போனைப் பையில் போடப் போனவள், அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவன் வைக்கவில்லை. மறந்துவிட்டான் போல என்று காதருகே கொண்டுபோனாள். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பட்டறை மோட்டார் ஓடவில்லை. அவள் அழைப்பைத் துண்டிக்காமல், போனை உள்ளங்கையில் மேல்பக்கமாகத் திருப்பி, விளக்கைக் கொண்டுபோகிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முன்னால் போன அக்ஷிதா ஒருதரம் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மல்லிகை ஆடுகிற குடையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, இந்த ஊருக்குக் கப்பல்கள் முதன்முதலில் எப்படி வந்தன என்று சொல்ல ஆரம்பித்தாள். சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.