சமையலறைக்குப் போகும் வழி

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே பூங்கா இருந்தது. நகரத்தின் ஓரத்தில் கட்டும் புது வீடுகள் இப்போது அப்படித்தான். வீட்டைத் தனியாகவும் பூங்காவைத் தனியாகவும் கட்டினால் இடம் வீணாகிறதாம். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

சமையலறைப் பக்கம் என் மனைவி வாசுகி இருந்தாள். படுக்கையறைப் பக்கம் நான்.

காலையில் காபிக்காகப் பூங்காவைக் கடப்பேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என் லுங்கிக்கு வணக்கம் சொல்வார்கள். அது பதிலுக்கு வணங்கும்.

"வழியில என்ன பாத்தீங்க?" என்று வாசுகி கேட்பாள்.

"மயில்."

"என்ன சொல்லுச்சு?"

"காபில சக்கரை கொறைக்கச் சொல்லுச்சு."

பழைய வீட்டில் கையை நீட்டினால் அவள் மேல் படும். அங்கே நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

மழைக்காலத்தில் பூங்கா வளரத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டால் இருட்டும்போது போய்ச் சேர்ந்தேன். நடுவில் ஒரு குன்று வந்திருந்தது. குக்கர் விசில் கேட்பது நின்றுபோனது.

தோட்ட வேலை பார்க்கும் கனகாம்பாளிடம் முறையிட்டேன்.

"என்னங்க பண்றது? அதோட வயசு அப்படி. வளரத்தானுங்க செய்யும்" என்றார்.

"சமையலறை தூரமாப் போயிட்டே இருக்குங்க."

"அது போகலீங்க. நீங்கதான் போயிட்டிருக்கீங்க."

வாசுகிக்கு ஃபோன் செய்தேன். அவள் வெளியூரில் இருப்பதாக ஃபோன் சொன்னது.

எனக்குப் பயம் வந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இனி சமையலறைத் தரையிலேயே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். குன்றில் ஏறி இறங்கினேன். குளத்தில் தண்ணீர் எனக்காக ஒதுங்கிக்கொண்டது.

சமையலறை திறந்து கிடந்தது. அடுப்பு சூடாக இருந்தது. வாசுகி இல்லை. கனகாம்பாள் சன்னலில் செடி நட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மிணி இப்பத்தானுங்க போனாங்க."

"எங்க?"

"குன்றச் சுத்திக்கிட்டு, உங்களத் தேடித்தான். இனி அந்த ரூம்லயே இருந்துக்கறேன்னாங்க."

ஓடினேன். என் தொப்பையோடு அப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம். குன்றின் மறுபக்கம் புல்லில் வாசுகி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தலகாணியோட எங்க போனீங்க?"

"உங்கிட்டத்தான்."

"நானும் உங்ககிட்டத்தான் வந்துட்டிருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பாதத்தை எடுத்துத் தலையணையில் வைத்தேன். கேரியரைத் திறந்தாள். மேலே உப்புமா, கீழே தயிர்ச்சோறு. உப்புமா ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டோம். ஒரு பக்கம் சமையலறையும் மறுபக்கம் படுக்கையறையும் மெல்ல விலகி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தன. நாங்கள் கூப்பிடவில்லை.

"உப்பு கம்மியா?"

"சரியா இருக்குது."

"பொய்."

"கொஞ்சம் கம்மி."

அவள் சிரித்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. அப்படியே விட்டுவிட்டோம்.

விளக்குகள் எரியும் நேரத்தில் ஒரு பெண் கிண்ணத்தோடு வந்தாள். புதிதாகக் குடிவந்தவள் போல. செருப்பைக் கழற்றி எங்கள் முன்னால் ஒழுங்காக வைத்தாள். பிறகு கதவைத் தட்டுவதுபோல என் தோளில் மெதுவாகத் தட்டினாள்.

"வீட்ல யாராச்சும் இருக்கீங்களா? உறை ஊத்தக் கொஞ்சம் தயிர் கிடைக்குங்களா?"

"இருக்கோம்" என்றாள் வாசுகி. "உள்ள வாங்க."

அந்தப் பெண் நுழைய வழிவிட்டு, வாசுகி என்னோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.