பயந்து வீசியவளுக்கு அளவெடுத்த பந்து

1.

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்கோஷ் ஊரில் எங்கள் கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பவுலிங் கூடத்தில், பந்துக் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் எனக்கு எந்தப் பந்து பொருந்தும் என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நான் வீசுவதைப் பார்த்தார். பந்து உருளும் தளத்தின் கோடியில் நிறுத்தியிருந்த பத்துப் பின் கட்டைகளும் நின்ற இடத்திலேயே நின்றன. "தம்பி, உனக்கு செஸ் பொருந்தும்," என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அக்கறையோடு சொன்னார்.

அவரைக் கதையில் மாட்டிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். கதையில் அவர் பெயர் ஆர்டிஸ் க்ரூகர்.

2.

முதல் வரி, முதல் முயற்சி: "விஸ்கான்சினின் பனி படர்ந்த மாலையில், தனிமையான ஒரு பந்து—"

வேண்டாம். பந்துக்கு ஏது தனிமை? பந்து வைக்கும் தட்டில் அதைச் சுற்றிப் பதினைந்து பந்துகள் கிடக்கின்றன.

இரண்டாம் முயற்சி: "வாழ்க்கையும் ஓர் எண்ணெய்த் தளம்தான்—"

இப்படி எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்துதான் கல்லூரிப் பத்திரிகையில் நான் பெயர் வாங்கினேன். எனவே எண்ணெயை எண்ணெயாகவே சொல்லிவிடுகிறேன். தளத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடிந்ததும் தரையைப் பிடித்து வளையும், வலக்கைக்காரர் வீசியது என்றால் இடப்பக்கமாக. சொரசொரப்பான பந்து தரையை அதிகம் பிடிக்கும், வேகமாக வீசுகிறவர்களுக்கு அது சரி. அதையே மெதுவாக வீசினால் கண்டபடி வளைந்து, சாக்கடை என்று சொல்லும் ஓரப் பள்ளத்தில் விழும். பிளாஸ்டிக் பந்து எதையும் பிடிக்காமல் நேரே போகும். மிச்சம் நிற்கும் ஒற்றைப் பின்னைத் தட்டத்தான் அதை எடுப்பார்கள். முதல் வீச்சுக்கே பிளாஸ்டிக்கை எடுப்பது, பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகளின் பழக்கம்.

(இயற்பியலில் என் மதிப்பெண்ணை யாரும் கேட்க வேண்டாம்.)

3.

ஆர்டிஸுக்கு ஒரே ஒரு பெருமை. வீசுகிற ஆளை ஒரு முறை பார்த்தால் போதும், அவருக்கான பந்தைத் தேர்ந்து விரல் துளை போட்டுக் கொடுத்துவிடுவார். யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. க்ரூகர் வீட்டுக்கு வரப்போகும் மருமகளுக்கு, வியாழன்தோறும் நடக்கும் லீக் போட்டியில் எல்லோர் முன்னாலும், பெயர் பொறித்த பந்து ஒன்றைக் கொடுப்பார்கள். மோதிரம் அதற்கு அப்புறம்தான்.

மருமகளாக வரப்போகிறவள் கொலெட். பல் ஆஸ்பத்திரியில் வேலை. முதல் நாள் ஆர்டிஸின் பார்வையில் நின்றபோது அவளுக்கு ஒரே பயம். பயத்தில் பந்தைப் பீரங்கிக் குண்டு மாதிரி வீசினாள். "அடேயப்பா," என்றார் ஆர்டிஸ். கடையிலேயே அதிகம் பிடிக்கிற, சொரசொரப்பான ஊதாப் பந்தை எடுத்துத் துளை போட்டார். ஒற்றைப் பின்னுக்கென்று ஒரு பிளாஸ்டிக் பந்தும் கொடுத்தார்.

(மாப்பிள்ளை, அதாவது ஆர்டிஸின் மகன் லைல்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அவன் இல்லாவிட்டால் ஆர்டிஸ் மாமியாராக முடியாது என்பதைத் தவிர அவனுக்குக் கதையில் வேலை இல்லை. வறுத்த சீஸ் வாங்க வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். வரிசை நீளம்.)

4.

பிறகு நடந்ததுதான் சிக்கல். கொலெட்டுக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. அவர்களோடு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனாள், ஆர்டிஸின் நாத்தனார்கள் இருவரோடும் சீட்டாடினாள். பயம் போனது. பயம் போனதும் வேகமும் போனது. அவளுடைய இயல்பான வீச்சு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி. ஊதாப் பந்து வாராவாரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்தது.

ஆர்டிஸ் எண்ணெய் போடும் எந்திரத்தைத் திட்டினார். எந்திரக்காரரைத் திட்டினார். ஈரக்காற்றைச் சந்தேகப்பட்டார். பந்தை மெருகேற்றிப் பார்த்தார். தன் அளவை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. 'பந்து தப்பு' என்று சொல்லக் கொலெட் பலமுறை வாயெடுத்தாள். அந்த ஒரு பெருமையை உடைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பது?

5.

லீக்கின் கடைசி வியாழன், கடைசி ஆட்டம், கடைசி வீச்சு. கொலெட் எட்டுப் பின் வீழ்த்தினால் ஆர்டிஸ் அணிக்குக் கோப்பை. முன்னால் ஆடிய அணிகளின் பந்துகள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போயிருந்தன. காய்ந்த தளம், பிடிக்கிற பந்து, மெதுவான கை. போன இரண்டு முறையும் சாக்கடைதான்.

முடிவு அ: கொலெட் ஊதாவை வீசுகிறாள், தோற்கிறாள், வாயைத் திறப்பதில்லை. (இலக்கியப் பரிசுக்கு அனுப்பலாம். எனக்குத் தூக்கம் வருகிறது.)

முடிவு ஆ: ஆர்டிஸ் பின்னால் வந்து முறைக்கிறார், பழைய பயம் திரும்பி வருகிறது, பந்து சீறிப் போகிறது, கோப்பை. (இதை எழுதிவிட்டேன். நன்றாகவும் வந்தது. ஆனால் ஒரு கோப்பைக்காக அந்தப் பெண்ணை ஆயுள் முழுக்கப் பயப்பட வைக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ: கொலெட் ஊதாப் பந்தை எடுக்கிறாள், அதை மீண்டும் தட்டில் வைத்துவிட்டு—

6.

—ஆர்டிஸிடம் வந்தாள். நானும் அங்கேதான் நின்றேன். எழுதுகிறவனை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

"முதல் நாள் நான் அப்படி வீசுனது உங்களப் பாத்து பயந்து போயி," என்றாள். "என் கை இதுதாங்க. மெதுவான கை. நீங்க அளவெடுத்தது என் பயத்துக்கு."

நாத்தனார்கள் பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஆர்டிஸ் ஊதாப் பந்தைப் பார்த்தார், கொலெட்டின் மணிக்கட்டைப் பார்த்தார், எண்ணெய் போடும் எந்திரம் இருந்த மூலையைப் பார்த்தார். அந்த எந்திரத்திடம் மன்னிப்புக் கேட்பாரோ என்று நினைத்தேன்.

"இப்ப பயம் இல்லியா?"

"இல்ல."

"துளியும்?"

"மன்னிச்சுக்கங்க."

 ஆர்டிஸ் கொலெட்டின் பிளாஸ்டிக் பந்தை எடுத்துத் தன் சட்டைக் கையால் துடைத்து அவளிடம் நீட்டினார். "முழுக் கூடமும் பாக்கும், பரவால்லயா?" என்று கேட்டாள் கொலெட்.

"எவ பாக்குறா?" என்றார் ஆர்டிஸ். யார் வீசினாலும் கண்ணை எடுக்காத அந்த மனுஷி அப்படியே தளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நாத்தனார்களை ஒரு பார்வை பார்த்தார், அவர்களும் திரும்பினார்கள். பக்கத்துத் தள அணியும் திரும்பியது. சீஸோடு அப்போதுதான் வந்து சேர்ந்த லைலையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

அடுத்து என்னைப் பார்த்தார்.

நான் ஆசிரியன் என்று சொல்லிப் பார்த்தேன். "திரும்பு தம்பி," என்றார்.

திரும்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் காலணிச் சத்தம், பந்து மெதுவாக உருளும் சத்தம், பிறகு பின்கள் சரிகிற சத்தம். சத்தத்தை வைத்து எண்ணத் தெரிந்த ஒரே ஆள் ஆர்டிஸ். அவர் என் பக்கத்தில்தான் நின்றார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

தளத்தின் பக்கம் முகம் வைத்திருந்தது, வாசிக்கிற நீங்கள் மட்டும்தான். சொல்லுங்கள், எத்தனை விழுந்தது?